தீ வருவது தெரிகிற இடம்

ஜீப்பை ஓடைக்கரையில் நிறுத்தி நான் இறங்குவதற்குள் மதினி இறங்கிவிட்டார். குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி என் முகத்துக்கு நேரே நீட்டினார். "மோந்து பாருங்க தம்பி. மருந்து வாடை அடிக்குதா?"

எங்கள் பக்கத்தில் மருந்து என்றால் காய்ச்சலுக்குக் குடிப்பதல்ல, பட்டாசுக்குள் அடைப்பது. நான் மோந்து பார்த்தேன். பச்சைப் புல்லும் பழைய சாணமும் கலந்த வாடைதான் வந்தது. இல்லை மதினி என்றேன். அவர் அதை நம்பாதவரைப் போலத் தானும் ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு, ஜீப்பின் பின்சீட்டில் உட்கார்ந்திருந்த அண்ணனிடம் அதே மண்ணைக் கொண்டுபோனார். அண்ணன் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். மதினி கையைத் தட்டிவிட்டு, சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, விற்பனைக்கு வந்திருந்த அந்த நிலத்துக்குள் எங்களுக்கு முன்னால் நடந்துபோனார்.

வத்திராயிருப்புக்கு மேற்கே, அணையைத் தாண்டி, மலை மூன்று பக்கமும் சூழ்ந்து நிற்கும் ஒரு பள்ளத்தாக்கு அது. மேற்கே பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரத்துக்கு மலை. நடுவே ஓடை. ஓடையைத் தாண்டினால் வயதான மாமரங்கள், ஒரு கிணறு, ஓலை வேய்ந்த நீண்ட மாட்டுத்தொழு. தொழுவுக்குப் பின்னால் மலையின் காலடிவரை இடுப்பளவு புல் வளர்ந்த மேய்ச்சல் நிலம். சிவகாசியின் வெட்டவெளியில், நிழலுக்கு ஒரு வேப்பமரத்தைத் தேடிப் பழகிய என் கண்ணுக்கு அந்தப் பச்சை கொஞ்சம் அதிகமாகவே பட்டது. இவ்வளவு அழகான இடத்தை ஒருவர் ஏன் விற்கிறார் என்ற சந்தேகம்தான் முதலில் வந்தது. நிலத்துக்காரர் திருவில்லிபுத்தூரில் குடியிருந்தார். பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்தார்கள். மூட்டுவலியால் தன்னால் ஓடையைத் தாண்டி வர முடியவில்லை என்பதுதான் அவர் சொன்ன காரணம். மாடுகளையும் மாடு மேய்ப்பவரையும் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரே ஒரு நிபந்தனை போட்டார். மதினி உடனே சரி என்றார்.

மதினி அந்த நிலத்துக்கு வந்து சேர்ந்த வழியைச் சொல்ல வேண்டும். எங்கள் அப்பா ஆரம்பித்த சின்னப் பட்டாசுக் கம்பெனியில் அண்ணன்தான் போர்மேன். போர்மேன் சர்டிபிகேட் அண்ணன் பெயரில் இருந்தது. அவர் இல்லாமல் கம்பெனியைத் திறக்க முடியாது. நான் லேபிள் அச்சடிக்கும் பிரஸ்ஸில் இருந்தேன். தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்த ஓர் ஆவணி மாதத்து மத்தியானம், மருந்து கலக்கும் அறை வெடித்தது. உள்ளே இருந்தவர்கள் இரண்டு பேர். அண்ணன் கொஞ்சத் தூரத்தில் வேறு அறைக்கு நடந்துகொண்டிருந்தார். ஓடிப்போய்க் கதவில் கை வைத்திருக்கிறார். இரண்டு கைகளிலும் தோல் உரிந்துபோனது. உள்ளே இருந்த இரண்டு பேரும் பிழைக்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த அண்ணன் எங்களுக்குத் தெரிந்த அண்ணனாக இல்லை. அதிகம் பேசமாட்டார். பேசினால் ஒரே வாக்கியம்தான்: "தெறக்கிறதுக்குள்ள முடிஞ்சிருச்சு." சோறு பிசையும்போது சொல்வார். குளித்துவிட்டுத் தலை துவட்டும்போது சொல்வார். வீட்டில் குக்கர் சத்தம் கேட்டால் எழுந்து தெருவுக்குப் போய்விடுவார். அந்த வருடத் தீபாவளிக்கு மதினி அவரை ஒரு அறைக்குள் வைத்துக் காதில் பஞ்சு அடைத்து, தலையைத் தன் மடியில் அழுத்திப் பிடித்தபடி நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். தெருவில் வெடித்தவற்றில் பாதி எங்கள் லேபிள் ஒட்டிய வெடிகள்.

தை பிறந்ததும் அப்பா கம்பெனியைத் திறக்கப் பேச்சை எடுத்தார். அன்றைக்குத்தான் மதினி முதல்முறையாக அப்பாவுக்கு எதிரே நின்று பேசினார். "இவுக இனி அங்கன வரமாட்டாக மாமா. மலைப்பக்கம் ஒரு எடம் பாத்திருக்கேன். எங்க வீட்டுல எனக்குக் குடுத்ததை வித்து வாங்கப்போறேன். மாடு வச்சுப் பொழைச்சுக்கிடுவோம்."

அப்பா கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார். "நம்ம வீட்டுல சோறு போட்டது கரியும் கந்தகமும். அதுக்குப் பயந்து ஓடிட்டான்னு ஒருக்கா பேரு வந்துட்டா, அந்தப் பேரு அவனோட போகாது. இந்த வீட்டு வாசல்லயே நிக்கும். நீ போறதுன்னா போ. நான் அந்த மண்ணுல காலு வைக்க மாட்டேன்."

அதோடு நின்றிருந்தால் மதினிக்கு எளிதாக இருந்திருக்கும். அடுத்த வாரம் வீட்டுக்கு ஒரு பெண் வந்தாள். வெடித்த அறையில் இறந்தவர்களில் ஒருவரின் மனைவி. அவளும் எங்கள் கம்பெனியில் திரி அறுக்கும் வேலை பார்த்தவள். அவள் திட்டுவாள், அழுவாள் என்று நினைத்து நான் வாசலிலேயே நின்றேன். அவள் மதினிக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, "கம்பெனி எப்பத் தொறப்பீக?" என்று கேட்டாள். "வேற கம்பெனில ஆளு நெறைஞ்சு கெடக்கு. என்னைய வைக்க மாட்டேங்கிறாக. நீங்க மலைக்குப் போறீகளாமே. நீங்க போயிருவீக. நாங்க எங்கன போக?"

மதினி எழுந்து போய் அவளுக்குக் காபி போட்டுக் கொண்டுவந்தார். அந்தப் பெண் காபியைக் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள். அன்று முழுக்க மதினி நிலத்துப் பேச்சையே எடுக்கவில்லை. நிலத்தை வாங்கும் எண்ணத்தை விட்டுவிட்டார் என்றே நினைத்தேன். மறுநாள் காலையில் என்னிடம் வந்து, "வில்லங்கம் பாத்து வச்சுருங்க தம்பி" என்றார். அந்த இரவு அவர் தனக்குள் என்ன பேசி முடித்தார் என்பதை நான் கேட்டதில்லை. கேட்கும் உரிமை எனக்கு இருந்ததாகவும் தோன்றவில்லை.

பத்திரத்தில் சிக்கல் எதுவும் இல்லை. கிரயத்துக்கு நாள் குறித்தார்கள். ஆனால் அண்ணன் சம்மதம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அந்த இடத்தில் இருந்து பார்த்தால் மனம் ஒட்டும் என்று மதினி நம்பினார். நிலத்துக்காரரிடம் கேட்டு, கிரயத்துக்கு முந்தைய வாரம் நாங்கள் மூவரும் அங்கே போய்த் தங்கினோம். பங்குனி மாதம். மார்கழியில் முதல் முறை பார்த்த பச்சை போய், புல் முழுக்கப் பொன்னிறமாகக் காய்ந்திருந்தது. தொட்டால் நொறுங்கியது. மாமரத்தடியில் கயிற்றுக் கட்டில் போட்டு அண்ணனை உட்காரவைத்தோம். உட்கார்ந்தார். எழுந்திருக்கச் சொன்னால் எழுந்தார். மாடு மேய்ப்பவர் மலையைக் காட்டி ஏதேதோ சொல்லிக்கொண்டே இருப்பார். அண்ணன் மலையைப் பார்ப்பாரே தவிர எதையாவது கேட்டாரா என்பது தெரியாது.

நாங்கள் போன மூன்றாம் நாள் காலையில் மலை முகட்டில் ஒரு புகை தெரிந்தது. சாம்பிராணிப் புகை போல மெல்லிசாக, அசையாமல் நின்றது. "அது அந்தப் பக்கம், மலைக்கு அங்கிட்டு" என்றார் மாடு மேய்ப்பவர். ஆனாலும் அன்று மாடுகளை அவிழ்க்கவில்லை. தொழுவிலேயே கட்டி வைத்துவிட்டு அடிக்கடி மேலே பார்த்துக்கொண்டிருந்தார். இட்லி சாப்பிட்டு முடித்தபோது புகை முகட்டுக்கு இந்தப் பக்கம் வந்திருந்தது. என் செல்போனில் சிக்னல் இல்லை. வனத்துறையில் சொல்ல அணைவரை போய் வந்தேன். நான் திரும்பும்போது மலைச்சரிவில் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு தெரிந்தது. பகல் வெளிச்சத்தில் மங்கலாக, யாரோ சுண்ணாம்புக்குப் பதில் செங்காவியால் இழுத்தது போல.

மலையில் தீ ஏறும்போதுதான் பாய்ந்து ஏறும். இறங்கும்போது நிதானமாக இறங்கும் என்று மாடு மேய்ப்பவர் சொன்னார். அந்த நிதானம்தான் கொடுமையாக இருந்தது. எங்களுக்குத் தெரிந்த தீ, வந்தது தெரிவதற்குள் எல்லாம் முடிந்துபோகிற தீ. இது எங்களைப் பார்த்துக்கொண்டே வந்தது. ஒரு பாறைக்குப் பின்னால் மறைந்து போனது போலிருக்கும். அணைந்துவிட்டது என்று மூச்சு விடுவோம். அப்புறம் பாறையின் இந்தப் பக்கத்தில் புகை கிளம்பும்.

மேய்ச்சல் நிலத்துக்கும் தொழுவுக்கும் நடுவே புல்லைச் செதுக்கி வெறும் தரையாக ஒரு பாதை போட்டால் தீ அதைத் தாண்டாது என்று மூன்று பேரும் இறங்கினோம். மாடு மேய்ப்பவரும் நானும் மண்வெட்டியால் செதுக்க, மதினி செதுக்கிய புல்லை வாரி இந்தப் பக்கம் எறிந்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. அண்ணன் மாமரத்தடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மதினி அவ்வப்போது நிமிர்ந்து அவர் இருக்கிறாரா என்று பார்ப்பார். மறுபடி குனிவார். "இவுகளக் கூட்டிட்டுப் போயிருங்க தம்பி, ஜீப்புல ஏத்தி" என்று ஒருமுறை சொன்னார். நான் போய்க் கூப்பிட்டேன். தோளைத் தொட்டேன். உடம்பு மரக்கட்டை போல இறுகியிருந்தது. அசையவில்லை.

மத்தியானத்துக்கு மேல் காற்று திரும்பியது. அதுவரை புகையைத் தெற்கே தள்ளிக்கொண்டிருந்த காற்று எங்கள் முகத்துக்கு நேராக வீசத் தொடங்கியது. காய்ந்த புல் பற்றியதும் வந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. சரவெடியைத் தூரத்தில் கொளுத்தினால் கேட்குமே, அந்தச் சத்தம். பச்சைக் குழைகளை ஒடித்துத் தீயின் ஓரத்தை அடித்தோம். நாங்கள் போட்ட பாதையில் தீ வந்து நின்றது. நின்றதும் மதினி என்னைப் பார்த்துச் சிரித்தார். முகம் முழுக்கக் கரி. அந்தச் சிரிப்பு முடிவதற்குள் காற்றில் பறந்து வந்த பொறி ஒன்று தொழுவின் ஓலைக்கூரையில் விழுந்ததை நான் பார்த்தேன்.

திரும்பி ஓடினோம். மாமரத்தடியில் அண்ணன் இல்லை.

"ஏங்க! ஏங்க!" மதினி கத்திய கத்தலில் குரல் உடைந்தது. புகை கீழே இறங்கிக் கண்ணை மறைத்தது. நான் கிணற்றை எட்டிப் பார்த்தேன். அதைத்தான் முதலில் பார்க்கத் தோன்றியது. தண்ணீர் அசையாமல் கிடந்தது. ஜீப்பில் இல்லை. ஓடைப்பக்கம் ஓடலாம் என்று திரும்பியபோது புகைக்குள்ளிருந்து ஒரு மாடு என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடியது. அதன் பின்னால் இன்னொன்று. கழுத்தில் அறுந்த கயிறு தொங்கியது.

அண்ணன் தொழுவுக்குள் இருந்தார். வெந்து இறுகிப்போன விரல்களால் முடிச்சை அவிழ்க்க முடியாமல், புல் அறுக்கும் அரிவாளை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே பிடித்துக்கொண்டு கயிறுகளை அறுத்துக்கொண்டிருந்தார். கூரையின் ஒரு மூலை எரிந்துகொண்டிருந்தது. மாடு மேய்ப்பவரும் நானும் உள்ளே புகுந்து ஆளுக்கொரு பக்கம் அவிழ்த்தோம். மதினி வாசலில் நின்று மாடுகளை ஓடையை நோக்கி விரட்டினார். கடைசியில் கூரை சரியத் தொடங்கியபோது உள்ளே ஒரு கன்றுக்குட்டி மிச்சம் இருந்தது. அண்ணன் அதற்காகத் திரும்பினார். மதினி பாய்ந்து அவர் இடுப்பைப் பிடித்து இழுத்தார். இருவரும் வெளியே மண்ணில் விழுந்தார்கள். கன்று கத்தியது கொஞ்ச நேரம் கேட்டது.

பொழுது சாயும்போது தீ ஓடைவரை வந்து, அதற்கு மேல் எரிய ஒன்றும் இல்லாமல் அணைந்தது. வனத்துறை ஆட்கள் வந்து மிச்சம் இருந்த புகைச்சலை மிதித்து அணைத்துவிட்டுப் போனார்கள். மேய்ச்சல் நிலம் முழுக்கக் கறுப்பு. அண்ணன் ஓடை மணலில் மாடுகளுக்கு நடுவே நின்று ஒவ்வொன்றின் முதுகையும் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் நிலத்துக்காரர் காரில் ஓடைவரை வந்து, அங்கிருந்து மூட்டுவலியோடு நடந்தே வந்தார். எரிந்த தொழுவைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். "நான் மறைச்சு விக்கப் பாத்தேன்னு நெனைக்காதீக தாயி. எப்பயாச்சும் வர்றதுதான். இம்புட்டுத் தூரம் எறங்குனதில்ல. உங்களுக்கு வேண்டாம்னா நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்."

மதினி கிணற்றுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இத்தனை மாதம் அவரைத் தூக்கி நிறுத்தியிருந்த ஏதோ ஒன்று விட்டுப்போனதை அவர் உட்கார்ந்திருந்த விதத்திலேயே கண்டேன். "வேண்டாங்கய்யா" என்றார். "எதுக்குத் தப்பிச்சு வந்தமோ அதுவே இங்கனயும் வந்து நிக்குது. நாங்க ஊருக்கே போறோம்."

"எதுக்கு?"

கேட்டது அண்ணன். நாங்கள் மூன்று பேரும் திரும்பினோம். அவர் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவர், வாளியைக் கீழே வைத்துவிட்டு மதினியிடம் வந்தார்.

"இங்க தீ வர்றது தெரியுது" என்றார். "காலைல மலைமேல இருந்துச்சு. மத்தியானம் பாதி எறங்குச்சு. நான் உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தேன். எந்திரிச்சுப் போயி தெறந்து அவுத்துவிட நேரம் இருந்துச்சு. எம்புட்டு நேரம் இருந்துச்சு, பாத்தியா?" பிறகு மெதுவாக, "வாங்கிரு" என்றார்.

மதினி அதுவரை அழாதவர். விபத்து நடந்த அன்றுகூட அவர் அழுததை நான் பார்க்கவில்லை. அன்று கிணற்றடியில் சேலைத்தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். அண்ணன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நிலத்துக்காரர் மாமரத்தைப் பார்க்கப் போகிறவரைப் போலத் தள்ளிப் போனார்.

கிரயத்தன்று சார்பதிவாளர் அலுவலகத்தில் சாட்சிக் கையெழுத்துக்கு நானும் மதினியின் உறவினர் ஒருவரும் என்று ஏற்பாடு. அந்த உறவினர் வரவில்லை. அப்பா காதுக்குப் போய்விடும் என்று பயந்து வரவில்லை என்று பிறகு தெரிந்தது. எங்கள் முறை நெருங்கிக்கொண்டிருந்தது. வெளியே போய் யாரையாவது கூப்பிடலாமா என்று நான் வாசலைப் பார்த்தபோது, அப்பா படியேறி வந்துகொண்டிருந்தார். மதினி எழுந்து நின்றுவிட்டார். அண்ணனின் கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது. எங்களைத் தடுக்கத்தான் வந்திருக்கிறார் என்று மூன்று பேரும் நினைத்தோம். அப்பா பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். துண்டால் கழுத்தைத் துடைத்தார். சாட்சி எங்கே என்று எழுத்தர் இரண்டாம் முறை கேட்டபோது எழுந்து வந்து, "எங்க போடணும்?" என்றார்.

போட்டுவிட்டுப் பேனாவை மூடிக் கொடுத்தார். அண்ணனின் கையை எடுத்து, அந்தத் தழும்பைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அண்ணன் மாடுகளைக் காப்பாற்றிய விஷயத்தை யார் சொல்லித் தெரிந்துகொண்டாரோ தெரியாது. "தண்ணி இருக்கா அங்கன?" என்று மட்டும் கேட்டார்.

"கெணத்துல கெடக்குப்பா. கோடையிலயும் வத்தாதாம்" என்றார் அண்ணன்.

"பெறகென்ன" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

அவர் சொன்ன சொல் மாறாமல் அந்த நிலத்தில் கடைசிவரை கால் வைக்கவில்லை. வேறு போர்மேன் ஒருவரை வைத்துக் கம்பெனியைத் திறந்தார். காபி குடித்துவிட்டுப் போன அந்தப் பெண் முதல் நாளே வேலைக்கு வந்தாள். மதினி அவளைப் பள்ளத்தாக்குக்கு வந்துவிடும்படி இரண்டு மூன்று தடவை கூப்பிட்டார். மலையடியில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் ஏது என்று அவள் வரவில்லை. இன்றும் காலையில் கம்பெனி வேன் போகும்போது அவளை ஜன்னலோரம் பார்க்கிறேன். அண்ணனுக்குக் கிடைத்தது அவளுக்குக் கிடைக்கவில்லை என்பதை நினைக்காமல் அந்த வேனைப் பார்க்க முடிவதில்லை. மதினியாலும் முடிந்திருக்காது. ஊருக்கு வரும்போதெல்லாம் எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன் அவள் வீட்டுக்குத்தான் போவார்.

அண்ணன் அங்கே பல வருடங்கள் இருந்தார். அதிகம் பேசுகிறவராக மாறிவிடவில்லை. ஆனால் அந்த ஒற்றை வாக்கியத்தை அதற்குப் பிறகு அவர் சொல்லி நான் கேட்டதில்லை. புதுத் தொழுவுக்கு ஓடு போட்டார். கதவு போட விடவில்லை. போன ஐப்பசியில் ஒருநாள் காலையில் பால் கறந்துவிட்டு வந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை. எங்கள் ஊரில் சத்தமில்லாமல் வருகிற சாவு ஒரு கொடுப்பினை.

காரியங்கள் முடிந்த பிறகு மதினியைச் சிவகாசிக்கு வந்துவிடும்படி சொல்ல இந்தப் பங்குனியில் போயிருந்தேன். தனியாக எப்படி இருப்பீர்கள் என்று வழியெல்லாம் பேசவேண்டியதைக் கோத்துக்கொண்டு போனேன். அவர் மாமரத்தடியில் நின்று, கையை நெற்றிக்கு மேல் வைத்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். முகட்டில் மெல்லிசாக ஒரு புகை. மாடுகளை அவிழ்க்கட்டுமா, அணைக்குப் போய்ச் சொல்லட்டுமா என்று பதறினேன்.

"சொல்லியாச்சு. ஆளு மேல போயிருக்காக" என்றார் மதினி. கண்ணை மலையிலிருந்து எடுக்கவில்லை. "காலைலேர்ந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். இன்னும் தூரத்துலதான் இருக்கு. நீங்க மொதல்ல கைய கழுவிட்டு வாங்க தம்பி, சோறு ஆறிப்போகும்."